கொலராடோ பள்ளத்தாக்குகளில் ரைஸ்கிராஸ்: பழைய மாதிரித் தாள்கள் எவ்வளவு தூரம் சாட்சி?

மணற்கேணி:
சீனெட் (SEINet) இணையதளத்தில் உள்ள ஹெர்பேரியப் பதிவுகளை, அதாவது உலர்த்தித் தாளில் ஒட்டிச் சேமித்த செடி மாதிரிகளின் பதிவுகளை வைத்து, யூட்டா, அரிசோனா பள்ளத்தாக்குகளுக்கு இந்தியன் ரைஸ்கிராஸ் என்ற புல்லின் வரைபடம் போட்டிருக்கிறேன். (ஹோப்பி, பையூட் பழங்குடியினர் இதன் மணியை அரைத்துச் சாப்பிட்டவர்கள்.) கொலராடோ ஆற்றில் கிளென் கேன்யன் அணை நீரைத் தேக்கத் தொடங்கிய 1963க்கு முந்தைய பதிவுகள் சிவப்பு, பிந்தியவை நீலம். அந்த அணை வந்தபின் ஆற்றோர மணல்மேடுகளில் இந்தப் புல் எவ்வளவு குறைந்தது என்பது இதிலேயே தெரிகிறது என்பது என் கட்சி.

கரிசல்:
தெரியாது நண்பரே. அந்தப் புள்ளிகளின்மேல் சாலைகளையும் நடைபாதைகளையும் போட்டுப் பாருங்கள், வரிசைகட்டி நிற்கும். வண்டி போன இடத்தில்தான் செடி பறித்திருக்கிறார்கள். அதிலும் புல்லை யார் சட்டை செய்கிறார்கள்? பூ கண்ணில் பட்டால் குனிவார்கள், ரைஸ்கிராஸைத் தாண்டிப் போய்விடுவார்கள்.

மணற்கேணி:
1938இல் எல்சாடா குளோவரும் லோயிஸ் ஜாட்டரும் வண்டியிலா போனார்கள்? மிச்சிகன் பல்கலைக்கழகத் தாவரவியலாளர்கள். கிரீன் ரிவர் ஊரில் படகேறி மீட் ஏரி வரை, வழியெல்லாம் செடி பறித்து அழுத்தி உலர்த்திக்கொண்டே போனார்கள். அணை வேலை நடந்தபோதும் யூட்டா பல்கலைக்கழகத்தார் மூழ்கப்போகும் பகுதியில் தாவரக் கணக்கெடுப்பு நடத்தினார்கள். அந்த அணை தேக்கிய பவல் ஏரிக்கு அடியில் போன கரைகளுக்கு இதைவிட்டால் வேறு என்ன சாட்சி இருக்கிறது?

கரிசல்:
சாட்சியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இருந்தது என்று சொல்ல ஒரு தாள் போதும். குறைந்தது என்று சொல்ல நூறு தாள் இருந்தாலும் போதாது, எத்தனை இடத்தில் தேடிப் பார்த்தார்கள் என்பது தெரியாதவரை.

தாழைமடல்:
மாதிரித் தாள்களைப் படமெடுத்து ஏற்றுவது என் வேலை, அதனால் நடுவில் வருகிறேன். ரைஸ்கிராஸ் தாளில் கதிர் நூல்நூலாகப் பிரிந்து நெளிந்திருக்கும், நூல் நுனிக்கு ஒரு மணி. மணியைச் சுற்றி வெள்ளைப் பட்டு முடி. உதிர்ந்ததெல்லாம் தாளில் ஒட்டிய காகிதப் பொட்டலத்தில் கிடக்கும். ஒரைசாப்சிஸ், அக்னாதெரம், இப்போது எரியோகோமா என்று அறிவியல் பெயர் மாற மாறச் சீட்டு ஒட்டிக்கொண்டே போவோம், பழையதைக் கிழிக்க மாட்டோம். ஆக, புல் எது என்பதில் சந்தேகம் வந்தால் இன்றைக்கும் பிரித்துப் பார்க்கலாம்.

இடம்தான் தகராறு. பழைய லேபிளில் அட்சரேகை கிடையாது, இன்ன பள்ளத்தாக்கு, ஆற்றருகே என்று இருக்கும். பிற்பாடு ஒருவர் வரைபடத்தைப் பார்த்துப் புள்ளி வைத்து, பிழை 5 கி.மீ. என்று குறிப்பார். சமவெளியில் அது ஒன்றும் பெரிதில்லை. கிராண்ட் கேன்யனின் ஆழமே ஏறத்தாழ 1.6 கி.மீ.! அந்த வட்டத்துக்குள் ஆற்று மணலும் விளிம்புக் காடும் சேர்ந்தே விழலாம். இன்னொன்று, ஒரே பறிப்பின் நகல்கள் பல நிறுவனங்களுக்குப் போகும். பறித்தவர் இட்ட சேகரிப்பு எண்ணைப் பார்த்தீர்களா சார்?

மணற்கேணி:
பார்த்து நகல்களைக் கழித்துவிட்டேன் மேடம். பிழை வட்டம் பெரிதாக உள்ளவற்றை உயரக் கணக்கில் சேர்க்கவில்லை. கரிசல் கேட்டதற்கும் ஒரு வழி உண்டு. ஒருவர் ஒரே நாளில் ஒரே இடத்தில் வேறு நாலு புல் பறித்துவிட்டு இதை மட்டும் பறிக்கவில்லை என்றால், அங்கே இது இல்லை என்பதற்கு அது ஓரளவு ஆதாரம்தானே?

கரிசல்:
எந்த மாதம்? உங்கள் குளோவர், ஜாட்டர் படகு ஜூன் பிற்பாதியில் கிளம்பி ஆகஸ்ட் தொடக்கத்தில் கரை சேர்ந்தது. அந்த வெயிலில் ஆற்றோர ரைஸ்கிராஸ் மணி உதிர்ந்து காய்ந்திருக்கும். வெறும் வைக்கோலை யார் பறிப்பார்கள்? குறைந்ததாகவே வைத்துக்கொண்டாலும் அணைமேல் மட்டும் பழியா? மாடு இதை விரும்பி மேயும். சீட்கிராஸ் என்ற வெளிநாட்டுப் புல் வேறு வந்து இடம் பிடித்திருக்கிறது.

மணற்கேணி:
சரி, ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான பதிவுகளை மட்டும் வைத்துத் திரும்பப் போடுகிறேன். அப்போதும் நீலம் குறைவாகவே வந்தால்?

கரிசல்:
வரட்டும், அப்புறம் மாட்டுக் கதையைப் பேசலாம். கூடவே சாலைகளையும் அதே படத்தில் போடுங்கள்.