எண்ணூர்க் கழிமுகத்துக்குக் களப்பணிக்குப் போனபோது உங்களுக்கு என்ன நேர்ந்தது?

கவின்கலை மாணவி:
2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கொசஸ்தலை ஆற்றின் முகம் கறுத்த கதை எல்லோருக்கும் தெரியும். காட்டுக்குப்பத்து அண்ணன் ஒருவர், இனி உதவாது என்று ஒதுக்கிய வலையை எங்கள் வகுப்புக்குக் கொடுத்தார். உத்தரத்திலிருந்து தொங்கவிட்டோம். விளக்கு, சுவரில் நிழல், எல்லாம் அமர்க்களம். காட்சியைப் பார்க்க அண்ணனும் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். வலையின் கீழ் விளிம்பை இரண்டு விரலால் பிடித்து நகர்த்திக்கொண்டே போனார். கடைசி வரை போய்விட்டுக் கேட்டார்: "ஈயக்குண்டு எங்கே தங்கச்சி?"

வலை காற்றில் அலைய வேண்டும் என்று குண்டுகளையெல்லாம் கத்தரித்திருந்தோம். "எண்ணெய் நூலைத்தான் கெடுத்தது. ஈயத்துக்கு என்ன?" என்றார். புது வலையில் கோத்துக்கொள்ளலாமாம். எனக்குப் பதில் வரவில்லை.

அத்திப்பட்டான்:
எங்கள் தெருவுக்கு வந்த மாணவி டப்பாவில் சாம்பல் அள்ளினார். அனல்மின் நிலையச் சாம்பலைக் கோந்தில் குழைத்துப் படம் வரைவாராம். அம்மா மாடியில் காய்ந்த வெள்ளை வேட்டியைக் கொண்டுவந்து அவர் எதிரில் உதறினார். "டப்பா நிரம்பியதா? நாளைக்கும் வா, தினமும் துணி காய்கிறது." அந்தப் பெண்ணின் மூக்குக்கண்ணாடியில் சாம்பல் படிந்துவிட்டது. துடைக்காமலே நின்றார்.

மேலே எழுதிய தங்கைக்கு ஒரு திருத்தம். ஆற்றுமுகம் கறுத்த கதை 2023-ல் தொடங்கவில்லை. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. கரைக்கு வந்த எண்ணெயை வாளியில் அள்ளினார்கள், வாளியில்! அப்போது எந்த உத்தரத்திலும் எதையும் தொங்கவிட்டதாக நான் கேள்விப்படவில்லை.

ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்:
சின்னப் பெண்ணிடம் சீறாதீர்கள் தம்பி. என் கதை சிறியது. மாணவர்களோடு கழிமுகச் சேற்றில் கண்டல், அதாவது அலையாத்திச் செடி, நட்டேன். படகுக்காரர் ஒருவர் வந்து, "ஐயா, இது படகு திருப்புகிற இடம்" என்றார். பிடுங்கினோம். ஆகவே சில யோசனைகள். சாம்பலை வெறுங்கையால் தொடாதீர்கள். ஆர்சனிக், ஈயம், பாதரசம் எல்லாம் அதில் உண்டு. கடல் ஓதம் ஏறும் நேரத்தை அங்குள்ளவர்களிடம் கேட்டுக்கொண்டு இறங்குங்கள். இறால் தடவும் இருளர் பெண்கள் பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு இரண்டு கையாலும் சேற்றைத் துழாவுவார்கள். அந்த நேரத்தில் பேட்டி கேட்காதீர்கள், வாயைத் திறந்தால் அன்றைய வரும்படி தண்ணீரில். அப்புறம், ஜோசப் பாய்ஸ் என்ற கலைஞர் ஜெர்மனியின் காசெல் நகரில் 7000 ஓக் மரங்கள் நடும் வேலையை 1982-ல் தொடங்கினார், ஒவ்வொரு மரத்துக்கும் துணையாக ஒரு பசால்ட் (எரிமலைப் பாறை) கல். 1986-ல் அவர் இறந்தார். கடைசி மரம் நட்டது 1987-ல். நீங்களோ செமஸ்டர் முடிவதற்குள் ஆற்றைக் காப்பாற்றப் பார்க்கிறீர்கள். தொப்பியும் அவசியம்.

அத்திப்பட்டான்:
தொப்பி இருக்கட்டும் ஐயா. பிடுங்கிய கண்டலை எங்கே நட்டீர்கள்? அதைச் சொல்லவில்லையே.

கவின்கலை மாணவி:
குண்டுகள் பண்டக அறையில் ஒரு பையில் கிடைத்தன. போன சனிக்கிழமை கொண்டுபோனேன். அண்ணன் திண்ணையில் கொட்டி எண்ணினார். பதினொன்று குறைந்தது. ஒன்று என் வகுப்புத் தோழனின் சாவிக்கொத்தில் தொங்குகிறது. மீதிப் பத்தைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.