வெண்டை விதைப் புரதம்: ‘முட்டு அமினோ அமிலம்’ என்றொரு பரிந்துரை

அன்புள்ள நண்பர்களுக்கு,

வெண்டை விதையின் சத்துகள் பற்றிய கட்டுரையில் ‘லிமிட்டிங் அமினோ ஆசிட்’ என்ற சொல் மட்டும் இன்னும் தமிழாகாமல் நிற்கிறது. நம் உரையாடல் இழையில் இதற்கு வந்த ‘கட்டுப்படுத்தும்’, ‘வரம்பு’, ‘பற்றாக்குறை’ என்ற மூன்று சொற்களையும் கட்டுரையில் பொருத்திப் படித்தேன். எதிலும் எனக்கு நிறைவில்லை.

முதலில் கருத்து. புரதத்தின் கட்டுமானக் கற்கள் அமினோ அமிலங்கள். உடல் ஒரு புரதத்தைக் கட்டும்போது அதற்கு வேண்டிய எல்லா அமினோ அமிலங்களும் ஒருசேரக் கையில் இருக்க வேண்டும். தேவையோடு ஒப்பிட்டால் எது முதலில் தீருகிறதோ, அங்கேயே வேலை நின்றுவிடும். அதுவே ‘லிமிட்டிங் அமினோ ஆசிட்’. மிஞ்சியவற்றை உடல் சேமித்து வைப்பதில்லை. அவற்றின் நைட்ரசனை யூரியாவாக்கி வெளியேற்றிவிடும். கோதுமைப் புரதம் ஒரு கிராமில் லைசின் என்ற அமினோ அமிலம் ஏறத்தாழ 27 மில்லிகிராம். வளர்ந்தவர்களுக்கு வேண்டியதாக உலக நலவாழ்வு நிறுவனம் 2007இல் வெளியிட்ட அளவு 45 மில்லிகிராம். ஆக, மற்றவை எவ்வளவு இருந்தாலும் அந்தப் புரதத்தின் மதிப்பு 60 விழுக்காட்டைத் தாண்டாது.

வெண்டை விதை கவனம் பெறுவது இந்த இடத்தில்தான். உலர்ந்த விதையில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குப் புரதம் இருக்கிறது, அதில் லைசின் செறிவாக இருக்கிறது. தானியம் எதில் நொடிக்கிறதோ அதை இது ஈடுசெய்யும். கட்டுரையின் உயிரே இந்தச் செய்திதான் என்பதால் சொல்லும் துல்லியமாக அமைய வேண்டும்.

‘கட்டுப்படுத்தும் அமினோ அமிலம்’ என்பதை நான் ஏற்கமாட்டேன். லூசின் என்ற மற்றோர் அமினோ அமிலம் உண்மையிலேயே உயிரணுவுக்குச் சைகை கொடுத்துப் புரத ஆக்கத்தை முடுக்குகிறது. இந்தச் சொல் அதற்குத்தான் பொருந்தும். கோதுமையின் லைசின் எதையும் ஆளவில்லை, போதாமல் இருக்கிறது, அவ்வளவே. ‘வரம்பு அமினோ அமிலம்’ என்றால் இதற்குமேல் உண்ணக்கூடாது என்று வாசகர் எடுத்துக்கொள்வார். ‘பற்றாக்குறை’ நெருங்கி வருகிறது. ஆனால் ஒரே புரதத்தில் இரண்டு மூன்று அமிலங்கள் பற்றாமல் இருக்கலாம். வேலையை நிறுத்துவது அவற்றுள் மிகக் குறைந்தது மட்டுமே.

என் பரிந்துரை: முட்டு அமினோ அமிலம். ‘முட்டு’ என்பதற்குக் குறைவு, தடை என இரு பொருளும் நம்மிடம் உண்டு. பணமுட்டு என்பதில் குறைவு, முட்டுக்கட்டை என்பதில் தடை. நாள்தோறும் விளக்கு ‘முட்டாமல்’ எரிய வேண்டும் என்ற கல்வெட்டு வழக்கில் இரண்டும் சேர்ந்தே ஒலிக்கின்றன. குறைவதாலேயே தடுப்பது என்ற கருத்துக்கு இதைவிடப் பொருத்தமான வேர் எனக்குத் தென்படவில்லை. முதல் முட்டு, இரண்டாம் முட்டு என்று வரிசைப்படுத்தவும் வரும். மண்ணியலில் விளைச்சலைத் தடுத்து நிறுத்தும் சத்தை ‘முட்டுச் சத்து’ எனலாம். வேதியியலில் முதலில் தீரும் பொருளை ‘முட்டு வினைபொருள்’ எனலாம்.

மறுப்பு எழும் இடமும் தெரிகிறது. ‘முட்டுக் கொடுத்தல்’ என்றால் தாங்குதல், நேர் எதிர்ப்பொருள். ஆனால் அங்கே ‘கொடு’ என்ற வினை அந்தப் பொருளைக் காட்டிவிடுகிறது. தனிப்பெயரடையாக வரும்போது குழப்பம் குறைவு என்றே நினைக்கிறேன். முதன்முறை வரும் இடத்தில் ஒரு வரி விளக்கமும் தந்துவிடலாம்.

கட்டுரையில் இப்படி அமையும்: “கோதுமையில் லைசினே முதல் முட்டு அமினோ அமிலம். வெண்டை விதைமாவு சேரும்போது அந்த முட்டு தளர்கிறது.”

எண்ணெய்ப் பகுதியில் லினோலிக், பால்மிட்டிக் என்ற கொழுப்பு அமிலப் பெயர்களை அப்படியே விடலாம், சிக்கல் இல்லை. பருத்திக் குடும்ப விதைகளில் பெரிதும் காணப்படும், மூன்று கரிம அணுக்களாலான வளையம் கொண்ட கொழுப்பு அமிலங்கள் வெண்டை விதையிலும் சிறிதளவு உண்டு. அவற்றுக்கு ‘முக்கரிம வளையக் கொழுப்பு அமிலம்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். வேதியியல் படித்தவர்கள் அதையும் ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்.