லயத்துப் பிள்ளைகளும் படஅட்டைகளும்

இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து முன்பள்ளியில் டீச்சராக இருக்கிறேன். படஅட்டை வைத்து வாசிப்பில் ஆசை வரவைப்பதைப் பற்றி எல்லாரும் எழுதுகிறீர்கள், என் பங்குக்கு இது.

கடை அட்டைகளில் ‘ஒ’ என்றால் ஒட்டகம், ‘க’ என்றால் கப்பல். எங்கள் பிள்ளைகள் இரண்டையும் நேரில் கண்டதில்லை. டீச்சர் சொன்னதைத் திருப்பிச் சொல்வார்கள், அவ்வளவுதான். அதனால் பிஸ்கட் பெட்டி மட்டையை வெட்டி நாங்களே வரைந்தோம்: கூடை, கொழுந்து, ரொட்டி, பீலி (தண்ணீர் பிடிக்கும் இடம்), லயம் (தோட்டத்து வரிசை வீடுகள்).

கூடைப் படத்தைத் தூக்கிக் காட்டியதுதான் தாமதம், ஆளாளுக்குப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். “மழ பேஞ்சா அம்மா கூடை கனக்கும் டீச்சர்” என்றாள் ஒருத்தி. அதுவரை வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை. அவள் சொன்னதை அப்படியே பெரிய எழுத்தில் எழுதி, படத்துக்குக் கீழே ஒட்டினேன். மறுநாள் வந்ததும் நேரே அங்கே போய் நின்று, விரல் வைத்து முழு வரியையும் சொன்னாள். ‘அம்மா’வும் ‘கூடை’யும்தான் அடையாளம் தெரியும், மற்றது ஞாபகத்தில் வந்தது. இருக்கட்டுமே! சுவரில் இருப்பது தன் பேச்சுதான் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. அப்புறம் அவளே தாளைக் கொண்டுவந்து நீட்டி, “இதையும் எழுதுங்க” என்பாள்.

மூன்று வயதுப் பிள்ளைக்குப் படம் பார்த்துப் பேசினாலே போதும். தரம் ஒன்றுக்குப் போகவிருக்கும் பிள்ளைகளுக்குப் படத்தையும் சொல்லையும் தனித்தனி அட்டையில் கொடுக்கிறேன். ஒரே அட்டையில் இருந்தால் கண் படத்திலேயே நிற்கும், எழுத்துப் பக்கம் போகாது. படங்களைத் தரையில் பரப்பிவிட்டு, சொல்லட்டையைக் கையில் கொடுத்துச் சோடி தேடச் சொல்லுங்கள்.

கொப்பியில் அ, ஆ எழுதவில்லையே என்று சில அம்மாமார் கேட்பார்கள். பிள்ளை படித்து மேலே வரவேண்டும் என்ற தவிப்பு அது, நியாயம்தான். அவர்களை உட்காரவைத்து, பிள்ளை சோடி சேர்ப்பதைப் பார்க்கச் சொல்வேன். வெள்ளிக்கிழமை கொஞ்சம் அட்டை வீட்டுக்கும் கொடுத்துவிடுவேன்.

ஜூன், ஜூலை மழையில் மட்டை ஊறி வளைந்துவிடும். ஹட்டன் டவுனில் லெமினேட் பண்ணலாம். செலவு கட்டாவிட்டால் இரண்டு பக்கமும் அகலமான செலோடேப் ஒட்டினாலும் தாங்கும்.

‘ஞ’வுக்குத்தான் இன்னும் படம் சரிவரவில்லை. சூரியனை வரைந்து ‘ஞாயிறு’ என்று வைத்தால் எல்லாப் பிள்ளையும் ‘சூரியன்’ என்கிறது. பதுளை, மாத்தளைப் பக்கத்து டீச்சர்மார் என்ன வைக்கிறீர்கள்?