சாக்லேட்டில் முக்கிய பழம்: வீட்டில் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்

போன பிப்ரவரியில் கொடைக்கானல் போய்த் திரும்பிய என் நாத்தனார் இரண்டு டப்பா ஸ்ட்ராபெர்ரி கொண்டுவந்து கொடுத்தார். ஒரே புளிப்பு. சாக்லேட்டில் முக்கிக் கொடுத்தால் பிள்ளைகள் தட்டைக் காலி செய்துவிடுவார்கள் என்று நினைத்தேன். பஜ்ஜி போடுகிற கைக்கு இது எம்மாத்திரம் என்ற மிதப்பு வேறு.

அடியில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, மேலே எவர்சில்வர் கிண்ணத்தை வைத்து, 200 கிராம் டார்க் சாக்லேட்டை உடைத்துப் போட்டேன். சில நிமிடங்களில் பளபளவென்று உருகிவிட்டது. வாசனைக்கு மாமியாரே அடுக்களையை எட்டிப் பார்த்தார். கழுவி வடிதட்டில் போட்டிருந்த பழங்களைக் காம்பைப் பிடித்து ஒவ்வொன்றாக முக்கினேன். மூன்று பழம் வரை நல்ல பிள்ளையாக இருந்த சாக்லேட், நான்காவதில் அடம்பிடிக்க ஆரம்பித்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பளபளப்பு போய், திரிதிரியாகி, ஈர மண்ணைப் பிசைந்த மாதிரி உருண்டுவிட்டது. இளகட்டும் என்று அடுப்பைக் கூட்டினேன், இன்னும் இறுகியது.

குற்றவாளி பழத்தின் இலைக்கடியில் ஒளிந்திருந்த தண்ணீர். சாக்லேட் என்பது கொக்கோ வெண்ணெயில் சர்க்கரைத் துகளும் கொக்கோத் தூளும் மிதக்கிற பண்டம். அதில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் போதும், சர்க்கரை அதைக் குடித்துவிட்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், கொஞ்சம் தண்ணீர்தான் கெடுக்கும்; நிறைய ஊற்றினால் வழிக்கு வந்துவிடும். அரை டம்ளர் சூடான பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிளறினேன். அல்வாப் பதத்திலிருந்து குழம்புப் பதத்துக்கு இளகியது. அப்புறம் அது ஓடு கட்டாது என்பது வேறு விஷயம். பிள்ளைகள் பழத்தைத் தொட்டுத் தொட்டுத் தின்றுவிட்டார்கள்.

மறுநாள் இரண்டாவது டப்பா. ஒவ்வொரு பழத்தையும் துடைத்து, பழைய வேட்டித் துணியில் பரப்பி, இரண்டு மணி நேரம் மின்விசிறிக்கடியில் வைத்தேன். அடுப்பை அணைத்துவிட்டு வெறும் சூட்டிலேயே உருக்கினேன். அழகாக முக்கி எடுத்தேன். ஆனால் ஒரு மணி நேரமாகியும் விரலில் ஒட்டுகிறது! ஃபிரிட்ஜில் வைத்தேன். காலையில் பார்த்தால் எல்லாப் பழமும் விபூதிப் பட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. இது ஏன் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். உங்களுக்கு நேர்ந்ததையும் எழுதுங்கள்.

*

சகோதரி, அது பூஞ்சை இல்லை, பயப்படாதீர்கள். கோயம்புத்தூரில் ஆர்டருக்குச் சாக்லேட் செய்கிறேன். முதல் வருடம் ஒரு நிச்சயதார்த்தத்துக்குச் செய்த நூறு துண்டும் இப்படித்தான் வெளுத்துப்போய், ராத்திரி முழுவதும் மறுபடி செய்தேன்.

கொக்கோ வெண்ணெய் ஆறு விதமாக உறையும். அதில் ஐந்தாவது விதத்தில் உறைந்தால்தான் பளபளப்பும், கடித்தால் டக்கென்று உடைகிற குணமும் வரும். உருக்கியதை அப்படியே ஆறவிட்டால் அது தன் இஷ்டத்துக்கு உறையும். கொழுப்பு மேலே வந்து வெள்ளையாகப் படியும். டார்க் சாக்லேட்டை 45 முதல் 50 டிகிரி வரை உருக்கி, கிளறிக்கொண்டே 28 வரை இறக்கி, மறுபடி 31, 32க்கு ஏற்றிப் பிறகு முக்க வேண்டும். மில்க் சாக்லேட் என்றால் ஓரிரு டிகிரி குறைவு. நான் செய்கிற சுருக்கு வழி: மூன்றில் ஒரு பங்குத் துண்டுகளைத் தனியே எடுத்துவைத்துக்கொண்டு மீதியை உருக்குவேன். இறக்கிய பின், எடுத்துவைத்ததைச் சிறிது சிறிதாகப் போட்டுக் கிளறுவேன். சரியாக உறைந்த பழைய சாக்லேட், தயிருக்கு உறைமோர் மாதிரி, மற்றதையும் தன் வழிக்கு இழுத்துவிடும். வெப்பமானி இல்லையென்றால் ஒரு பொட்டு எடுத்துக் கீழுதட்டில் வையுங்கள். லேசாகக் குளிர்ந்தால் பதம்.

இன்னொன்று. அந்த ஐந்தாவது விதம் 34 டிகிரி வாக்கில் உருகிவிடும். நம் ஊர் மதிய அடுக்களை அதற்கு மேலே இருக்கும். அதனால் நான் விடியற்காலை ஐந்து மணிக்கே தொடங்கிவிடுகிறேன். ஃபிரிட்ஜில் வைத்தாலும் பத்து, பதினைந்து நிமிடம்தான். ராத்திரி முழுவதும் வைத்தால் ஈரம் படிந்து, சர்க்கரை கரைந்து, அதுவும் தன் பங்குக்கு வெளுக்கும்.

இவ்வளவு தொல்லை வேண்டாம் என்றால் காம்பவுண்ட் சாக்லேட் வாங்குங்கள். அதில் கொக்கோ வெண்ணெய்க்குப் பதில் தாவரக் கொழுப்பு. உருக்கினால் போதும், உறையும். எனக்கு மட்டும் அது மேலண்ணத்தில் மெழுகு மாதிரி ஒட்டுகிறது.

*

மதுரைக்காரன் நான், ஸ்ட்ராபெர்ரிக்கெல்லாம் போவதில்லை. வாழைப்பழம். ரஸ்தாளியைப் பாதியாக நறுக்கி ஐஸ் குச்சி செருகி நான்கு மணி நேரம் ஃப்ரீசரில் வைப்பேன். 200 கிராம் சாக்லேட்டுக்கு இரண்டு கரண்டி தேங்காய் எண்ணெய் சேர்த்து உருக்கி, உயரமான டம்ளரில் ஊற்றி முக்கினால், எடுக்கும்போதே ஓடு கட்டிவிடும். பதம் பார்க்கிற வேலையே இல்லை. ஒரு முறை கனிந்துபோன பழத்தில் குச்சி நிற்காமல், பழம் டம்ளருக்குள்ளேயே மூழ்கிவிட்டது. தோல் மஞ்சளாகி, கறுப்புப் புள்ளி விழுவதற்கு முன்பே உரித்துவிடுங்கள். ஆனால் தேங்காய் எண்ணெய் 24 டிகிரியிலேயே இளகிவிடும். எடுத்த கையோடு தின்ன வேண்டும். என் தம்பி தொலைபேசியில் பேசிக்கொண்டே தின்று வெள்ளைச் சட்டையைப் பாழாக்கினான்.

*

எங்களுக்கு நேர்மாறான பிரச்சினை. ரொறன்ரோவில் மாசி மாதம், குசினி ஜன்னலை ஒரு விரல்கடை திறந்தாலே கிண்ணத்துச் சாக்லேட் பாதியில் உறைந்துவிடுகிறது. வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றி, அதன் மேல் கிண்ணத்தை வைத்துக்கொண்டு முக்குகிறேன்.

நான் செய்வது தோடம்பழம், அதாவது ஆரஞ்சு. சுளைகளைக் கிழியாமல் பிரித்து, வெள்ளை நாரை எடுத்துவிட்டு, தட்டில் பரப்பி இரவு முழுவதும் மூடாமல் வைத்துவிடுவேன். காலையில் சுளையின் மேல்தோல் காய்ந்து காகிதம் போலாகிவிடும். உள்ளே சாறு அப்படியே இருக்கும். ஈரம் வெளியே வராது. பாதிச் சுளையை முக்கி, மேலே இரண்டு கல்லு உப்பு. கடித்தவுடன் சாறு தெறிக்கும். ஒரு சுளையில் கண்ணுக்குத் தெரியாத கிழிசல் இருந்தாலும், இந்தப் பகுதியை முதலில் எழுதிய அக்காவின் கதைதான் எங்களுக்கும்.

*

எல்லோருக்கும் நன்றி. நேற்று காலை நாலரை மணிக்கு எழுந்து, கோயம்புத்தூர் சகோதரி சொன்ன உறைமோர் முறையில் செய்தேன். பதினான்கு பழம். உதட்டில் வைத்துப் பார்த்தபோது உண்மையிலேயே குளிர்ந்தது. முதல் மூன்றில் அடியில் சாக்லேட் தேங்கிப் பாதம் கட்டிவிட்டது. நான்காவதிலிருந்து கிண்ண விளிம்பில் வழித்துவிட்டு வைத்தேன், சரியாக வந்தது. ஆறு மணிக்குள் தொட்டால் ஒட்டாத அளவுக்கு இறுகி, ஜன்னல் வெளிச்சம் அதில் தெரிந்தது.

இரண்டு பழத்தை மறுநாளைக்கு என்று மறைத்து வைத்தேன். அது தப்பு. இன்று காலை ஓட்டுக்கும் பழத்துக்கும் இடையே சாறு கசிந்து, அடியில் சிவப்பாகத் தேங்கிக் கிடந்தது. மாமியார் அந்தத் தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, அடுத்த முறை பலாச்சுளையில் செய்து பார் என்கிறார். யாராவது செய்திருக்கிறீர்களா?