சோற்று இலையும் கிழங்குத் தட்டும்

தீபாவளிப் பலகார நினைவுகளாக இங்கே பலரும் தங்கள் பாட்டிமார் சுட்ட அதிரசத்தையும் பிடித்த நெய்யுருண்டையையும் எழுதியிருக்கிறீர்கள். எங்கள் பாட்டிக்கு அவை இரண்டுமே கைவராதவை. அதிரசம் ஆண்டுதோறும் எண்ணெயில் பிரிந்து போகும். ஆனாலும் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் தீபாவளி என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது, ஆட்டுக்கறிக் குழம்புக்குப் பக்கத்தில் அவர் பிடிவாதமாகக் கொண்டுவந்து வைக்கும் அவித்த மரவள்ளிக்கிழங்குத் தட்டுதான்.

பாட்டி 1937-இல், 16 வயதில், தாத்தாவுக்கு வாழ்க்கைப்பட்ட கையோடு நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறி வந்தவர். பினாங்கில் இறங்கியதும் நோய்த்தடுப்புக்காக ஜெர்ஜாக் தீவில் வைத்திருந்த நாள்களைப் பற்றிக் கேட்டால், அங்கே போட்ட சோற்றில் கல் கிடந்ததை மட்டும் சொல்வார். மறு ஆண்டே இந்திய அரசு தோட்ட வேலைக்கு ஆள் அனுப்புவதைத் தடுத்துவிட்டதால், பின்னாலேயே வருவதாகச் சொன்ன அவருடைய தங்கை வரவே இல்லை. கித்தா (ரப்பர்) மரத்தில் பால் வெட்டியே காலம் கழித்த பாட்டி, நாடு சுதந்திரம் பெற்று எத்தனையோ ஆண்டுகள் ஆன பின்னும் குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டையோடுதான் இருந்தார். அந்தக் கதை வேறு, அதை இங்கே இழுக்க வேண்டாம்.

தீபாவளிக்கு முதல் நாள், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஓர் ஆடு அறுத்துப் பங்கு பிரித்துக்கொள்ளும். கறிச் சமையல் அம்மாவின் பொறுப்பு. கிழங்கைப் பாட்டி யாரையும் தொட விடமாட்டார். கொல்லையில் தாமே பிடுங்கி வந்து, ஒன்றை ஒடித்துப் பார்த்து, நார் இழுத்தால் ஒதுக்கிவிடுவார். தோலோடு அதன் அடியிலிருக்கும் இளஞ்சிவப்புப் படலத்தையும் உரித்து, தண்ணீரில் ஊறப் போட்டு, மூடாத பானையில்தான் வேகவைப்பார். கசப்புக் கிழங்கின் நஞ்சு ஆவியோடு போக வேண்டும் என்பார். முதல் தண்ணீரைக் கோழிகூட வாய்வைக்காத இடமாகப் பார்த்துக் கொட்டுவார். வெந்து பிளந்த துண்டுகள்மேல் தேங்காய்த் துருவலும் சீனியும் தூவினால் தட்டு தயார். பட்டணத்திலிருந்து புதுச் சட்டையோடு வரும் சொந்தக்காரர்கள் முன்னால் அந்தத் தட்டு எங்களுக்குப் பெரிய வெட்கமாக இருந்தது. ஒருமுறை அக்கா அதை எடுத்துக் கட்டிலுக்கடியில் ஒளித்து வைத்துவிட்டாள். பாட்டி திட்டவில்லை. "கறி இல்லாத தீபாவளி பாத்திருக்கேன்டி, இது இல்லாத தீபாவளி பாத்ததில்ல" என்று சொல்லிக்கொண்டே குனிந்து தட்டை எடுத்தார்.

ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்து ஆண்ட காலத்தில் அரிசி கிடைக்காமல் தோட்டமே கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தது என்பதை எல்லா வீட்டிலும் சொல்வார்கள். எங்கள் வீட்டில் அதற்கு ஒரு முகம் உண்டு. தாத்தாவின் தம்பியை 1943-இல் மூன்று மாத வேலை என்று சொல்லிச் சயாமுக்கும் (தாய்லாந்து) பர்மாவுக்கும் இடையே ஜப்பான்காரன் போட்ட ரயில்பாதைக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். 415 கிலோமீட்டர் நீண்ட அந்தத் தண்டவாளத்தில் அவர் எந்த இடத்தில் விழுந்தார் என்று சொல்ல ஒருவரும் திரும்பி வரவில்லை. இறந்த நாள் தெரியாததால் அவருக்குத் திதியும் இல்லை. தீபாவளிக்கு முந்திய இரவு முன்னோருக்குப் படையல் போடும்போது, தாத்தாவின் தாய்தகப்பனுக்குப் போடும் இலைகளுக்குப் பக்கத்தில் சின்னத் தாத்தாவுக்கும் தனி இலை விழும். அந்த இலையில் கறி உண்டு, வடை உண்டு, ஒரு சுருட்டும் உண்டு. கிழங்கு மட்டும் கிடையாது. ஒரு வருடம் நான் தெரியாமல் ஒரு துண்டை வைத்துவிட, பாட்டி அதை விரலால் தள்ளி எடுத்தார். "போறப்ப அவன் கையில நான் கட்டிக் குடுத்ததே இதுதான். சோறு வை, நல்லா அள்ளி வை" என்றார். சோற்றை அவர் சொன்னபடி குவித்தேன். இலைக்கு வெளியே சிந்தியதைக்கூட அவர் எடுத்து உள்ளே சேர்த்தார்.

மறுநாள் காலையில் எங்களுக்குக் கிழங்கு, சின்னத் தாத்தாவுக்கு முதல் நாளே சோறு என்ற கணக்கு எனக்கு அப்போதுதான் பிடிபட்டது.

பக்கத்து மலாய்க்காரர் ஒருவர், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தீபாவளியன்று தவறாமல் வருவார். எங்கள் கறியை அவர் தொடமாட்டார் என்பது எல்லாருக்கும் தெரியும். நேரே கிழங்குத் தட்டின் முன்னால்தான் உட்காருவார். பாட்டிக்குத் தெரிந்த மலாய் பாசாரில் விலை பேசுகிற அளவுக்குத்தான். இருவரும் அதிகம் பேசிப் பார்த்ததில்லை. அவர் ஒரு துண்டை வாயில் போட்டு, கண்ணை மூடி, "ஸமான் ஜெப்புன்" (ஜப்பான்காரன் காலம்) என்று தலையாட்டுவார், பாட்டியும் தலையாட்டுவார். எங்களுக்குச் சிரிப்பு வரும். வெட்கப்பட்ட தட்டு பாதி காலியாகியிருக்கும்.

தோட்டத்தில் செம்பனை நட்ட பிறகு நாங்கள் தாமான் (குடியிருப்புப் பேட்டை) வீட்டுக்கு மாறினோம். கொல்லை போய்விட்டது, கிழங்கைக் கடையில் வாங்க வேண்டியதாயிற்று. பாட்டி 1998-இல் தவறினார். அந்த ஆண்டுப் படையலில் அவருக்கு முதன்முதலாக இலை போட்டபோது, கிழங்கு வைப்பதா வேண்டாமா என்று அம்மாவுக்கும் சின்னம்மாவுக்கும் வாக்குவாதம் வந்துவிட்டது. அவருக்கு ஆசைப் பண்டம் அதுதான் என்றார் சின்னம்மா. ஆசை எங்கே, பயம்தான் என்றார் அம்மா. கடைசியில் சோற்றை அள்ளி வைத்து, ஓரத்தில் ஒரே ஒரு துண்டை வைத்தார்கள். கும்பிட்டு முடித்து இலைகளை எடுத்தபோது அதை நான்தான் தின்றேன். ஒரே நார், ஒடித்துப் பார்க்காமல் வாங்கி வந்த கிழங்கு.