பெண்கள் பிரிவில் திருநங்கை ஓடினால்? நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

தல்லாகுளத்துக்காரன்:
மதுரையில் நடந்த ஒரு 5 கிலோமீட்டர் ஓட்டத்தில் பார்த்தது. ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் எங்களோடு காலையில் ஓடும் திருநங்கை ஒருவர் பெண்கள் பிரிவில் பேர் கொடுத்திருந்தார். போலீஸ் தேர்வுக்குத் தயாராகிறவர். சப்-இன்ஸ்பெக்டரான திருநங்கை பிரித்திகா யாஷினி உயர் நீதிமன்றம் வரை போய்த் திறந்த வழி அது. அடையாள அட்டையைக் காட்டித்தான் பதிந்தார், இரண்டாவதாக வந்தார். மூன்றாவது வந்த பெண்ணின் அப்பா மேடைக்கே ஏறிவிட்டார். "எம்புள்ள விடியக்காலம் எந்திரிச்சு ஓடுது, இது நியாயமா சார்?" நடத்தியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அந்தத் திருநங்கையோ கீழே நின்றபடியே கேட்டார்: "ஃபீஸ் கட்டும்போது வாங்கிக்கிட்டீங்கல்ல?"

இரண்டு கேள்வியுமே சரி என்றுதான் எனக்குப் பட்டது. அன்றைக்குப் பரிசாகப் போனது ஒரு குக்கர், அவ்வளவுதான். மாநிலப் போட்டி என்றால் கதை வேறு. அந்த சர்டிபிகேட்டை வைத்துத்தான் காலேஜ் சீட்டு, அரசு வேலையில் 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீடு எல்லாம். அந்த அப்பாவை வெறுப்பு பிடித்தவர் என்று சொல்ல மனசு வரவில்லை. ஓரமாக நின்று ஊளையிட்ட நாலு பேரைச் சொல்வேன்.

மேலூர் கபடி:
இந்தப் பேச்சு வந்தாலே எங்கள் டீக்கடையில் சாந்தி சௌந்தரராஜன் பேரை இழுப்பார்கள். அவர் திருநங்கை இல்லை. கத்தக்குறிச்சியில், செங்கல் சூளையில் வேலை பார்த்த குடும்பத்தில் பெண்ணாகவே பிறந்து வளர்ந்தவர். 2006 தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வாங்கிய வெள்ளியைப் பாலினச் சோதனைக்குப் பிறகு பறித்துக்கொண்டார்கள்.

நான் பார்த்தது பள்ளிக் கபடியில். எதிரணி ரெய்டர் பிள்ளை முடியை ஒட்ட வெட்டியிருந்தாள், லேசாக மீசை. தோற்றுக்கொண்டிருந்த பக்கம் "பையனை இறக்கிட்டாங்க" என்று சத்தம். ஆதாரைக் காட்டியும் அடங்கவில்லை. உள்ளே கூட்டிப்போய்ப் பார்க்கணும் என்றார் ஒரு ஆள். "எம்புள்ள மேல கைய வச்சுப் பாரு" என்று பி.டி. டீச்சர் குறுக்கே நின்றார். அதற்கப்புறம் அந்தப் பிள்ளை போனஸ் லைன் பக்கம்கூடப் போகவில்லை. திருநங்கைகளை மனதில் வைத்துப் போடும் விதி முதலில் விழுவது இப்படிப்பட்ட பிள்ளைகள் மேல்தான். உலகத் தடகள அமைப்பு 2025 செப்டம்பரிலிருந்து பெண்கள் பிரிவுக்கு எஸ்ஆர்ஒய் (வழக்கமாக ஆண்களின் ஒய் குரோமோசோமில் இருப்பது) மரபணுச் சோதனை கேட்கிறது. ஆயுளுக்கு ஒரு தடவை, கன்னத்தின் உள்பக்கம் துடைத்தோ ரத்தம் எடுத்தோ பார்ப்பது. அதைப் பற்றி எனக்குச் சந்தேகங்கள் உண்டு, ஆனாலும் ஒரு லேப் என்று இருக்கிறது. எங்கள் பக்கம் கண்ணாலேயே சோதித்து விடுகிறார்கள்.

அண்ணாநகர் பிசியோ:
ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனைக் குறைத்தால் சரியாகிவிடாதா என்று கேட்பவர்களுக்கு. ஹார்மோன் சிகிச்சையில் இருந்த ஒரு திருநங்கை முழங்கால் வலிக்கு என்னிடம் வந்தார். முன்னைப்போல ஓட முடியவில்லை, சீக்கிரம் மூச்சு வாங்குகிறது என்றார். ஹீமோகுளோபின் சில மாதங்களிலேயே பெண்களின் அளவுக்கு இறங்கிவிடும். தசை வலு அப்படியில்லை, மெதுவாக, கொஞ்சம்தான் குறையும். உயரமும் எலும்பும் எங்கும் போகாது. ஒலிம்பிக் கமிட்டி 2015இல் ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் ஒரு வருடம் லிட்டருக்கு 10 நானோமோலுக்குக் கீழே இருந்தால் போதும் என்றது. 2021இல் அதைக் கைவிட்டு, அந்தந்த விளையாட்டு அமைப்பே முடிவு செய்யட்டும் என்று விட்டுவிட்டது. ஆண் பருவமடைதலைக் கடந்தவர்களுக்குப் பெண்கள் பிரிவு கிடையாது என்று தடகளம் 2023 மார்ச்சில் சொல்லிவிட்டது. டோக்கியோ ஒலிம்பிக்கில் நியூசிலாந்து பளுதூக்கும் திருநங்கை லாரல் ஹப்பர்ட் ஒரு தடவைகூடச் சரியாகத் தூக்கவில்லையே என்பார்கள். ஒரு ஆளின் ஒரு நாளை வைத்து எதையும் நிறுவ முடியாது. சர்வதேசத் தடகளத்தில் அந்த முடிவை நான் ஏற்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்துக்கும் அதையே கொண்டுவருவது கொசுவுக்குப் பீரங்கி வைப்பது மாதிரி.

தல்லாகுளத்துக்காரன்:
பரிசு என்னாச்சு என்று கேட்டவருக்கு: ரெண்டு பேருக்கும் இரண்டாம் பரிசு கொடுத்தார்கள், குக்கர் இன்னொன்று கடையில் வாங்கி. அடுத்த ஓட்டத்துக்கான நோட்டீஸில் பெண்கள் பிரிவு யாருக்கு, ஓபன் பிரிவு யாருக்கு என்று முதலிலேயே போட்டுவிட்டார்கள். அந்தத் திருநங்கைக்கு அதில் வருத்தம்தான். "காசு வாங்குறதுக்கு முன்னாடி சொன்னாங்கல்ல, அது தேவலை" என்றார். ஓபனில் பேர் கொடுத்திருக்கிறார்.