அம்மாவோடு இரண்டு மூன்று நாள் ஷாப்பிங் போக வேண்டும், எப்படித் திட்டமிடுவது?

வெயில்நிழல்:

எல்லாருக்கும் வணக்கம். அடுத்த மாதம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வெளியூர் போய், இரண்டு இரவு தங்கி, நிதானமாகக் கடை கடையாகச் சுற்றிவிட்டு வரலாம் என்று நினைக்கிறேன். உறவினர் வீட்டு விசேஷம், மருத்துவமனை, இந்த இரண்டுக்கும் தவிர அம்மா வீட்டை விட்டு ராத்தங்கலாக எங்கும் போனதே இல்லை. அப்பா வரமாட்டார், அண்ணனுக்கு லீவு கிடைக்காது, அதனால் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான்.

சிக்கல் என்னவென்றால், அம்மாவுக்கு அறுபது தாண்டிவிட்டது, முழங்கால் வலி இருக்கிறது, சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். ஆனால் கடைக்குள் போய்விட்டால் நேரம் போவதே தெரியாது. ஒரு பொருளை எடுத்து, திருப்பிப் பார்த்து, விலைச் சீட்டைப் பார்த்து, வைத்துவிட்டு, நாலு கடை தள்ளிப் போய் விசாரித்து, மறுபடி முதல் கடைக்கே வந்து நிற்பார். நான் அதற்கு நேர் எதிர், என்ன வேண்டும் என்று தெரிந்துகொண்டு போய் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிற ஆள். சொல்லாமல் டிக்கெட் போட்டுக் கடைசியில் சொல்லலாமா, அல்லது இப்போதே சொல்லிவிடலாமா? ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் சுற்றலாம்? பெரிய மால் நல்லதா, கடைவீதி நல்லதா? எல்லாவற்றுக்கும் "எனக்கு எதுக்கு, உனக்கு எடுத்துக்கோ" என்று சொல்லும் அம்மாவை அவருக்காக எப்படி வாங்க வைப்பது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

நடைவண்டி:

ஊரை முதலில் முடிவு செய்யாதீர்கள், தங்கும் இடத்தை முதலில் பாருங்கள். பேர் பெற்ற ஊராக இருந்தும் கடைகள் மூலைக்கு ஒன்றாகச் சிதறிக் கிடந்தால் பாதி நாள் வண்டியிலேயே போய்விடும். கடைகள் எல்லாம் நெருங்கி இருக்கிற ஒரு பகுதி, அதற்குப் பத்து நிமிட நடைக்குள் லிஃப்ட் உள்ள ஒரு ரூம், இது கிடைக்கிற ஊர்தான் உங்களுக்குச் சரியான ஊர். வாடகை கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் பரவாயில்லை, தினமும் இரண்டு தடவை வண்டிக்குக் கொடுக்கிற காசு மிச்சம். மதியம் ரூமுக்கு வந்து பைகளைப் போட்டுவிட்டு, அம்மா காலை நீட்டிப் படுத்துவிட்டு, வெயில் தாழ்ந்ததும் மறுபடி கிளம்பலாம். ஆளை அசத்துவது நடை இல்லை, வாங்கியதையெல்லாம் சுமந்துகொண்டு நடப்பதுதான்.

நேரம் என்று கேட்டால் காலையில் மூன்று மணி நேரம், மாலையில் இரண்டு, அதற்கு மேல் வேண்டாம். முக்கால் மணிக்கு ஒரு தடவை உட்கார இடம் இருக்கிறதா என்று முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கழிப்பறையும் அப்படியே. பல அம்மாக்கள் வெளியே போனால் கழிப்பறைக்குப் பயந்தே தண்ணீர் குடிக்க மாட்டார்கள், அப்புறம் மாலையில் தலைவலி வந்து எல்லாம் கெட்டுப்போகும். இந்த விஷயத்தில் மாலுக்குத்தான் என் ஓட்டு. லிஃப்ட், இருக்கை, சுத்தமான கழிப்பறை மூன்றும் ஒரே கூரைக்குள் இருக்கும், கேட்டால் சக்கர நாற்காலி தருகிற மால்களும் உண்டு. ஆனால் பேரம் பேசுகிற ருசி கடைவீதியில்தான், உங்கள் அம்மா சொல்லுகிற மாதிரியான ஆள் என்றால் அதை இழக்கவும் மனசு வராது. காலையில் கூட்டம் சேருவதற்கு முன்னால் வீதி, மாலையில் மால் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாடிப்படி உள்ள கடையாக இருந்தால் ஏறும்போது மட்டும் கவனித்தால் போதாது, இறங்கும்போதுதான் முழங்காலில் பாரம் அதிகம் விழும், கைப்பிடி இருக்கிறதா பாருங்கள்.

அப்புறம், அந்தப் பகுதிக்கு வார விடுமுறை என்றைக்கு என்று கேட்டுக்கொண்டு டிக்கெட் போடுங்கள். முதல் நாள் ஒன்றும் வாங்காமல் சுற்றிப் பாருங்கள், பிடித்ததை விலைச் சீட்டோடும் கடைப் பலகையோடும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ராத்திரி ரூமில் உட்கார்ந்து அம்மாவோடு அதைப் பார்த்து முடிவு செய்தால், முதல் கடைக்குத் திரும்பி நடக்கிற வேலை பாதி குறையும்.

பழையபெட்டி:

நான் அந்த அம்மா பக்கத்தில் இருந்து எழுதுகிறேன். என்னையும் என் பெண் இப்படிக் கூட்டிக்கொண்டு போகிறாள், எனக்கும் முழங்கால்தான்.

சொல்லாமல் டிக்கெட் போடாதேம்மா. உங்களுக்கு அது சந்தோஷ அதிர்ச்சி, எங்களுக்கு வெறும் அதிர்ச்சி. வீட்டில் இருக்கிறவருக்கு இரண்டு நாளைக்கு என்ன ஏற்பாடு, மாத்திரை எத்தனை மிச்சம் இருக்கிறது, எந்தச் செருப்பு கடிக்காது, இதெல்லாம் யோசிக்காமல் எங்களால் வாசல் தாண்ட முடியாது. அது மட்டும் இல்லை. என்ன பார்க்கலாம், யாருக்கு என்ன வாங்கலாம் என்று பத்து நாள் மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பதே ஒரு சுகம், அதை ஏன் பிடுங்க வேண்டும்? இப்போதே சொல்லிவிடு. முதலில் "எதுக்கு வீண் செலவு" என்றுதான் சொல்வார், இரண்டு நாள் கழித்து அவரே "அங்கே குளிருமா" என்று கேட்பார், அப்போது தெரிந்துகொள்.

பணத்தை வீட்டிலேயே கையில் கொடுத்துவிடு. கடையில் வைத்து, பில் போடுகிற இடத்தில், "நான் தரேன்" என்று கார்டை நீட்டினால் எந்த அம்மாவுக்கும் எடுத்த பொருளைத் திருப்பி வைக்கத்தான் தோன்றும். பெண்ணின் காசு என்று கை கூசும். இது உன் காசு, மிச்சம் கொண்டுவரக் கூடாது என்று சொல்லிக் கொடுத்துவிட்டு, அப்புறம் கணக்குக் கேட்காதே.

இன்னொன்று. அவர் முதலில் பேரன் பேத்திக்கு, தம்பி மனைவிக்கு, பக்கத்து வீட்டுக்கு என்று ஊருக்கெல்லாம் வாங்குவார். அதைத் தடுக்காதே, "உனக்கு எடும்மா" என்று அவசரப்படுத்தாதே. மற்றவர்களுக்கு வாங்க வேண்டியது தலையில் உட்கார்ந்திருக்கிறவரை எங்களுக்கு எங்களைப் பற்றி நினைப்பே வராது. முதல் நாளே அந்தப் பட்டியலை முடித்துவிடு. மறுநாள் காலையில் அவர் கண் தானாக வேறு மாதிரி பார்க்கும்.

அவர் "வேண்டாம்" என்றால் எந்த வேண்டாம் என்று பார். விலையைப் பார்த்துவிட்டுச் சொல்லுகிற வேண்டாம் ஒன்று, அதற்குக் கை பொருளை விட்டிருக்காது. உண்மையாகவே பிடிக்காத வேண்டாம் வேறு, அதில் வற்புறுத்தினால் வீட்டுக்கு வந்து பீரோவில் தூங்கும். கால் வலிக்கிற வேண்டாமும் உண்டு. கடையின் வாசலிலேயே, உள்ளே நுழைவதற்கு முன்னாலேயே வந்தால் அது கால் வலிதான், போய் உட்கார வை. "உன் வயசுக்கு இந்தக் கலர் நல்லா இருக்காது" என்று மட்டும் தப்பித் தவறியும் சொல்லிவிடாதே.

மூன்றாம்பக்கம்:

மேலே நடைவண்டி சொன்ன "முதல் நாள் வாங்காதே" என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. இரண்டு இரவுப் பயணத்தில் உடம்பில் தெம்பு இருப்பது முதல் நாள்தான், மறுநாள் போனால் அந்த அளவு தீர்ந்துபோயிருக்கும், அம்மா "அப்பவே எடுத்திருக்கலாம்" என்பார், வீடு வந்து சேரும்வரை அதையே கேட்டுக்கொண்டு வர வேண்டும். பிடித்திருந்தால் எடுத்துவிடுங்கள். விலை கூடிய ஒன்றிரண்டை மட்டும் ஒத்திப் போடுங்கள், கனமானதை எல்லாம் கடைசி மாலைக்கு வையுங்கள்.

நான் மகன், அம்மாவோடு அடிக்கடி போகிறவன், அதனால் சில்லறை விஷயங்கள் சொல்கிறேன். போட்டுப் பார்க்க வேண்டிய துணி வாங்குவதாக இருந்தால், அன்றைக்குச் சுலபமாகக் கழற்றி மாட்டுகிற உடுப்பில் அம்மா வரட்டும். டிரையல் ரூமில் உட்கார ஸ்டூல் இல்லை என்றால் கேட்டு வாங்கிப் போடுங்கள். துணியின் நிறத்தைக் கடை விளக்கில் நம்பாதீர்கள், விளக்குக்கு விளக்கு நிறம் மாறித் தெரியும், வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்க்க விடுவார்களா என்று கேளுங்கள். படிக்கிற கண்ணாடி கைப்பையில் இருக்கட்டும், விலைச் சீட்டில் எழுத்து அவ்வளவு பொடியாகப் போடுகிறார்கள்.

செருப்பை மாலையில் வாங்குங்கள். நடந்து நின்ற பிறகு பாதம் கொஞ்சம் வீங்கித்தான் இருக்கும், காலையில் பொருந்தியது மாலையில் இறுக்கிப் பிடிக்கும். இரண்டு காலிலும் போட்டுக் கடைக்குள் நடந்து பார்க்கச் சொல்லுங்கள், இரண்டு பாதமும் ஒரே அளவில் இருப்பதில்லை. சர்க்கரை இருக்கிறது என்கிறீர்கள், புதுச் செருப்பை அங்கேயே மாட்டிக்கொண்டு நாள் முழுக்கச் சுற்ற விடாதீர்கள். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் கொப்புளம் போடுவதே தெரியாது.

சாப்பாட்டு நேரம் தள்ளிப்போகக் கூடாது, "இன்னும் ஒரே கடை" என்று அம்மாவே சொன்னாலும் சரி. வழக்கத்தைவிட அதிகம் நடக்கிற நாளில், சில மாத்திரைகள் எடுப்பவர்களுக்கும் இன்சுலின் போடுபவர்களுக்கும் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். வியர்வை, கை நடுக்கம், அப்புறம் காரணமே இல்லாத எரிச்சல். பார்த்தால் கோபம் மாதிரிதான் இருக்கும். அந்த நேரத்தில் சண்டை போடாமல் முதலில் இனிப்பாக எதையாவது வாயில் போடச் சொல்லுங்கள், அந்த மிட்டாய் உங்கள் பையிலேயே இருக்க வேண்டும். போவதற்கு முன்னால் அவருடைய டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

வெளியூர்க் கடையில் பெரிய தலைவலி மாற்றுவது. காசு கொடுப்பதற்கு முன்னாலேயே மாற்றித் தருவார்களா, எத்தனை நாளுக்குள், நம் ஊரில் கிளை இருந்தால் அங்கே எடுத்துக்கொள்வார்களா என்று கேளுங்கள். பில்லை வாங்கின உடனே போட்டோ எடுத்துவிடுங்கள், அந்த வழவழ காகிதத்தில் எழுத்து சில மாதத்திலேயே மங்கிப்போகும்.

கடைசியாக, அம்மாவோடு எல்லாக் கடையிலும் ஒட்டிக்கொண்டே நிற்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. நீங்கள் பொறுமை இல்லாத ஆள் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். உங்கள் முகத்தைப் பார்த்தே அவர் அவசரப்படுவார். ஒரு இடத்தைக் குறித்து வைத்து, ஒரு மணி நேரம் அவர் இஷ்டத்துக்குப் பார்க்கட்டும், நீங்கள் உங்கள் வேலையைப் பாருங்கள். இரண்டு பேர் போனிலும் சார்ஜ் இருந்தால் போதும்.

பைக்குள்பை:

விமானத்தில் போவதாக இருந்தால் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாத்திரையும் இன்சுலினும் கைப்பையில்தான், சரக்கோடு போகும் பெட்டியில் இன்சுலினை வைத்தால் குளிரில் உறைந்து கெட்டுப்போகலாம். பவர் பேங்கும் கைப்பையில்தான், பெட்டியில் போட அனுமதி இல்லை. வாசனைத் திரவியம், கிரீம் எல்லாம் வாங்கினால் நேர் மாறு, 100 மில்லிக்கு மேற்பட்ட பாட்டிலைப் பெரும்பாலான விமான நிலையங்களில் கைப்பையில் விடமாட்டார்கள், பெட்டிக்குள் வையுங்கள். போகும்போது பெட்டி பாதி காலியாக இருக்கட்டும், உள்ளே மடக்கி ஒரு துணிப்பை. மொத்த எடைக்குக் கூடுதல் பணம் கட்டினாலும் ஒரே பெட்டி 32 கிலோவைத் தாண்டினால் பெரும்பாலான நிறுவனங்கள் வாங்காது, இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முழங்கால் வலிக்குச் சக்கர நாற்காலி வேண்டும் என்று 48 மணி நேரம் முன்பே சொல்லிவிட்டால் நல்லது. அம்மா "நான் என்ன நோயாளியா" என்பார், வரிசையைப் பார்த்ததும் உட்கார்ந்துவிடுவார்.

வெளிநாடு என்றால் கார்டு தேய்க்கும்போது "உங்கள் ஊர்ப் பணத்தில் கழிக்கலாமா" என்று மெஷின் கேட்கும், வேண்டாம் என்று அந்த நாட்டுப் பணத்தையே தேர்ந்தெடுங்கள், இல்லையென்றால் மாற்று விகிதத்தில் பிடுங்கிவிடுவார்கள். பல நாடுகளில் சுற்றுலாப் பயணிகளுக்கு வரியைத் திருப்பித் தருவார்கள், ஆனால் பாஸ்போர்ட்டைக் காட்டிக் கடையிலேயே படிவம் வாங்க வேண்டும், பொருளைச் சுங்கத்தில் காட்டச் சொல்லலாம் என்பதால் அந்த வேலை முடிந்த பிறகுதான் பெட்டியைக் கொடுக்க வேண்டும்.

வெயில்நிழல்:

எல்லாருக்கும் நன்றி. பழையபெட்டி அம்மா, நீங்கள் சொன்ன மாதிரி நேற்றே சொல்லிவிட்டேன். "எதுக்கு வீண் செலவு" அப்படியே வந்தது, வார்த்தை மாறாமல்! ஆனால் ராத்திரியே போன் போட்டுச் சித்தியிடம் சொல்லியிருக்கிறார், இப்போது சித்தியும் வரட்டுமே என்கிறார். நான் நினைத்தது நாங்கள் இரண்டு பேர் மட்டும். என்ன செய்வது?

பழையபெட்டி:

வரட்டும்மா. அக்காவும் தங்கையும் கடைக்குள் போனால் உன்னிடம் கேட்க முடியாததை எல்லாம் ஒருத்திக்கு ஒருத்தி கேட்டுக்கொள்வார்கள், அம்மா தனக்காக எடுப்பதும் நடக்கும், ஏனென்றால் தங்கை விடமாட்டாள். நீ பாட்டுக்கு ஓரமாக உட்காரலாம். உனக்கு அம்மாவோடு தனியாக இருக்க வேண்டும் என்றால் அதைச் சொல்லிவிடு, அதில் தப்பு ஒன்றும் இல்லை, சித்தியை அடுத்த தடவை கூட்டிக்கொண்டு போகலாம். ஆனால் சரி என்று சொல்லிவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே.

நடைவண்டி:

மூன்று பேர் என்றால் ரூம் போடும்போதே கட்டில் எத்தனை என்று கேட்டுவிடுங்கள். கூடுதல் மெத்தை தருகிறோம் என்பார்கள், அது தரையில் போடுகிற மெத்தையாக இருக்கும், முழங்கால் வலிக்காரருக்கு அதில் இருந்து எழுந்திருப்பது பெரும் பாடு. அதில் நீங்கள் படுத்துக்கொள்ளுங்கள்.

வெயில்நிழல்:

சித்தியும் வருகிறார். மெத்தை எனக்குத்தான்.